காப்பிபுக் இல்லாமல் ஒரு பைட்டையும் தொடாதீர்கள்: மெயின்ஃபிரேம் கோப்பைப் பைதானில் படித்த அனுபவம்

நாங்கள் பராமரிக்கும் காப்பீட்டுப் பயன்பாட்டின் நடுநாயகம் ஒரு பாலிசி மாஸ்டர் கோப்பு. இஸட் ஓஎஸ் என்ற இயங்குதளம் ஓடும் ஐபிஎம் மெயின்ஃபிரேம் பெருங்கணினியில், விசாம் என்ற அதற்கே உரிய கோப்பு வடிவில் இருக்கிறது. கோபோல் மொழி நிரல்கள் மட்டுமே அதைத் தொடும். ஒரு பதிவில் எந்தப் புலம் எங்கே, எத்தனை பைட், என்ன வகை என்று சொல்லும் கோபோல் அறிவிப்புதான் காப்பிபுக். பிரீமியக் கணக்குகளைப் பகுத்துப் பார்க்கும் பிரிவினருக்கு அதிலிருந்து சில புலங்கள் வாரந்தோறும் தேவை. அவர்கள் கேட்பார்கள்; நாங்கள் ஒரு கோபோல் நிரல் எழுதி, கேட்ட புலங்களை மட்டும் காற்புள்ளியிட்ட உரைக் கோப்பாக இறக்கித் தருவோம். பிறகு இன்னொரு புலம் வேண்டும் என்பார்கள். மறுபடியும் நிரல் மாற்றம், சோதனை, ஒப்புதல், உற்பத்திச் சூழலுக்கு நகர்த்தல். ஒரு புலத்துக்காக இத்தனை படிகள் ஏறி இறங்குவதில் எவருக்கும் பயனில்லை. கோப்பை முழுதாக எடுத்து வந்து, பிரிக்கும் வேலையை லினக்ஸ் சர்வரில் பைதானிடம் ஒப்படைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அந்த வேலையின் பதிவு இது.

மெயின்ஃபிரேமுடன் இணைவதுதான் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். இன்று அது எளிதான பகுதி. வந்து சேர்ந்த பைட்டுகளுக்கு என்ன பொருள் என்று கண்டறிவதில்தான் உழைப்பு முழுவதும் போகிறது. இணைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அங்கே போகிறேன்.

கோப்பை எடுத்து வருதல்

இஸட் ஓஎஸ்எம்எஃப் என்ற நிர்வாகச் சேவை, டேட்டாசெட்டுகளையும் (மெயின்ஃபிரேம் கோப்புகள்) ஜாப்களையும் (அங்கே ஓடும் வேலைகள்) ரெஸ்ட் முறையில், அதாவது சாதாரண இணைய வேண்டுகோள்களாலேயே, அணுகவிடுகிறது. பைதானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் போதும். அதைத் தவிர வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை. முகவரியில் ரெஸ்ட்ஃபைல்ஸ் என்ற பாதைக்குப் பின் டேட்டாசெட்டின் பெயரைக் கொடுத்தால் உள்ளடக்கம் வரும். எக்ஸ்-சிஎஸ்ஆர்எஃப்-இஸட்ஓஎஸ்எம்எஃப்-ஹெடர் என்ற தலைப்பு வேண்டுகோளில் இருந்தாக வேண்டும். அதன் மதிப்பு எதுவாகவும் இருக்கலாம், ஆனால் தலைப்பே இல்லாவிட்டால் கதவு திறக்காது. இதே சேவையின் மேல் கட்டப்பட்ட ஸோவி திட்டத்துக்குப் பைதான் நூலகமும் உண்டு. 2018இல் ஐபிஎம், ராக்கெட் சாஃப்ட்வேர், சிஏ டெக்னாலஜீஸ் ஆகியவை சேர்ந்து தொடங்கிய திறந்த மூலத் திட்டம் அது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதிலேயே தொடங்கலாம். எனக்கு ஒவ்வொரு தலைப்பையும் என் கையால் வைக்க வேண்டியிருந்ததால் நேரடியாகவே எழுதினேன்.

எங்கள் கோப்பு விசாம் என்பதால் ஒரு படி கூடியது. விசாம் கோப்பின் உள்ளடக்கத்தை ரெஸ்ட்ஃபைல்ஸ் வழியாக நேரே வாங்க முடியாது. எஃப்டிபி கோப்புப் பரிமாற்றம் வழியாகவும் முடியாது. முதலில் அதை, பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த வரிசைக் கோப்பாக நகலெடுக்க வேண்டும். ஐடிகேம்ஸ் பயன்பாட்டின் ரெப்ரோ கட்டளை இதற்கென்றே இருக்கிறது. பைதான் ஸ்கிரிப்ட் ஜாப்பை விவரிக்கும் ஒரு சின்ன ஜேசிஎல் கட்டளைத் தொகுப்பை ரெஸ்ட்ஜாப்ஸ் பாதையில் அனுப்புகிறது. ஜாப்பின் நிலை அவுட்புட் என்று மாறும்வரை சிறிது இடைவெளி விட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. திரும்பும் குறியீடு சிசி 0000 என்றால், அதாவது பிழையின்றி முடிந்தால், மட்டும் அடுத்த படிக்குப் போகிறது.

நேரலைக் கோப்பின் மேல் ரெப்ரோவை ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பகல் முழுவதும் பயனர்களின் பரிவர்த்தனைகளைக் கையாளும் சிக்ஸ் மென்பொருள் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். நகலெடுக்கும்போதே பதிவுகள் மாறினால், எந்தக் கணத்தின் உண்மை நம் கையில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இரவில் மொத்தமாக ஓடும் வேலைகள் (பேட்ச்) முடிந்ததும் வழக்கமாக எடுக்கப்படும் காப்புப் பிரதி வரிசைக் கோப்பாகவே இருந்தது. இப்போது அதையே படிக்கிறோம். நகலெடுக்கும் ஜாப் சோதனைச் சூழலுக்கு மட்டும் மிஞ்சியது.

பாதுகாப்பு விஷயத்தில் இரண்டைச் சொல்ல வேண்டும். சர்வரின் சான்றிதழ் நிறுவனத்துக்குள்ளேயே வழங்கப்பட்டது என்பதால் பைதான் அதை நம்ப மறுக்கும். பலர் உடனே சரிபார்ப்பை அணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். சான்றிதழ் வழங்கியவரின் மூலச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதன் பாதையை ரிக்வெஸ்ட்ஸுக்குக் கொடுங்கள். இரண்டாவது, கடவுச்சொல் காலாவதியானதை அறியாமல் ஸ்கிரிப்ட் திரும்பத் திரும்ப முயன்றால், மெயின்ஃபிரேமின் பாதுகாப்பு மென்பொருளான ராக்எஃப் அந்தப் பயனர் கணக்கையே முடக்கிவிடும். அனுமதி மறுப்பு வந்தால் முதல் தடவையிலேயே ஸ்கிரிப்ட் நிற்க வேண்டும், மறுமுயற்சி கூடாது. இந்த வேலைக்கென்று படிக்கும் உரிமை மட்டும் உள்ள தனிக் கணக்கு வாங்கினோம். எழுதும் உரிமை இல்லாத கணக்கால் கோப்பைக் கெடுக்க முடியாது என்ற நிம்மதி பெரிது.

உரையாக மாற்றிக் கேட்காதீர்கள்

மெயின்ஃபிரேம் எழுத்துகளை எப்சிடிக் குறிமுறையில் வைத்திருக்கிறது. 1964 ஏப்ரலில் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளோடு வந்த குறிமுறை அது. பிற கணினிகளில் வழங்கும் ஆஸ்கி குறிமுறையில் ஆங்கில எழுத்து ஏ 65, எப்சிடிக்கில் 193. இடைவெளி ஆஸ்கியில் 32, இங்கே 64. பூஜ்யம் என்ற இலக்கம் ஆஸ்கியில் 48, இங்கே 240. எழுத்துகள் தொடர்ச்சியாகவும் இல்லை: ஏ முதல் ஐ வரை 193 முதல் 201, அடுத்த எழுத்தான ஜே 209இல் தொடங்குகிறது.

இஸட் ஓஎஸ்எம்எஃப், எஃப்டிபி இரண்டும் கேட்காமலேயே எப்சிடிக்கை ஆஸ்கியாக மாற்றித் தரும். பார்த்தால் பெரிய உதவி போலத் தெரியும். எழுத்துகள் மட்டுமே உள்ள கோப்பானால் உதவிதான். எண்கள் உள்ள கோப்பை அது சத்தமில்லாமல் அழிக்கிறது. இதை ஒரு தொகையை வைத்தே காட்டுகிறேன்.

கோபோலில் பணத்தொகைகளைப் பெரும்பாலும் காம்ப்-3 என்ற பேக்டு டெசிமல் வடிவில் வைப்பார்கள். ஒவ்வொரு பைட்டிலும் இரண்டு இலக்கங்கள். கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி. 12 என்றால் கூட்டல், 13 என்றால் கழித்தல், 15 என்றால் குறியற்ற எண். புள்ளிக்கு முன் ஏழு இலக்கமும் பின் இரண்டு இலக்கமும் உள்ள புலத்துக்கு ஐந்து பைட் போதும். புள்ளி எங்கும் சேமிக்கப்படுவதில்லை. அது எங்கே இருக்கிறது என்று காப்பிபுக்குக்கு மட்டுமே தெரியும். இப்போது 124.05 என்ற பிரீமியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஐந்து பைட்டுகள் 0, 0, 18, 64, 92. பதினாறால் வகுத்துப் பார்த்தால் 18 என்பது 1, 2. 64 என்பது 4, 0. 92 என்பது 5, பிறகு 12, அதாவது கூட்டல். சேர்த்துப் படித்தால் 124.05.

இதே பைட்டுகளை உரை மாற்றத்தின் வழியே அனுப்பினால் என்ன ஆகும்? 64 எப்சிடிக்கில் இடைவெளி. அது 32 ஆகிவிடும். 92 எப்சிடிக்கில் நட்சத்திரக் குறி. அது 42 ஆகிவிடும். 18 ஒரு கட்டுப்பாட்டுக் குறி, மாறாது. நம் கைக்கு வருவது 0, 0, 18, 32, 42. பிரித்தால் 1, 2, 2, 0, 2, பிறகு 10. குறியின் இடத்தில் 10 இருந்தாலும் கூட்டல் என்றே பொருள் கொள்வது வன்பொருள் விதி. ஆகவே கிடைக்கும் தொகை 122.02. பிழைச் செய்தி எதுவும் வராது. தொகை நம்பும்படியாக இருக்கும். இரண்டு ரூபாய் மூன்று காசு காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான். நிரல் முறிந்து விழுந்தால் சரிசெய்யலாம்; அமைதியாக மாறிய தொகையை யார் தேடுவார்கள்?

அதனால் எக்ஸ்-ஐபிஎம்-டேட்டா-டைப் என்ற தலைப்பில் பைனரி என்று சொல்லித்தான் கோப்பைக் கேட்க வேண்டும். எந்தப் பைட்டும் வழியில் மாறக்கூடாது. எழுத்துப் புலங்களை எழுத்தாகவும் எண் புலங்களை எண்ணாகவும் மாற்றும் வேலை, புலங்களின் எல்லை தெரிந்த நம் ஸ்கிரிப்டின் பொறுப்பு. பதிவுகளின் நீளம் மாறும் கோப்புகளுக்கு ரெக்கார்டு என்ற வகையும் உண்டு. அதில் ஒவ்வொரு பதிவின் முன்னும் நான்கு பைட்டில் அதன் நீளம் வரும். எஃப்டிபியில் ஆர்டிடபிள்யூவோடு (பதிவின் நீளத்தைச் சொல்லும் முன்னொட்டோடு) வாங்கினாலும் முன்னால் நான்கு பைட் இருக்கும். ஆனால் அங்கே முதல் இரண்டு பைட்டில்தான் நீளம், அந்த நீளத்தில் ஆர்டிடபிள்யூவின் நான்கு பைட்டும் சேர்த்தி. ரெக்கார்டு வகையில் அது சேர்த்தி இல்லை. ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றொன்றில் ஓட்டினால் முதல் பதிவிலேயே தடம் புரளும்.

காப்பிபுக்கைப் படித்தல்

கோப்புக்குள் புலங்களின் பெயரும் இல்லை, பிரிப்பானும் இல்லை. பதிவு முழுவதும் ஒரே பைட் வரிசை. காப்பிபுக் இல்லாமல் அதைப் பிரிக்க முற்படுவது அளவு எடுக்காமல் சட்டை தைப்பது போலத்தான். எனவே முதல் நிரல் கோப்பைப் படிப்பதற்காக எழுதியதல்ல, காப்பிபுக்கைப் படிப்பதற்காக எழுதியது. ஸ்பார்க் என்ற பெருந்தரவுக் கருவியைப் பயன்படுத்துவோருக்குக் கோபிரிக்ஸ் என்ற நல்ல திறந்த மூலக் கருவி இருக்கிறது. எங்கள் கோப்பின் அளவுக்கு ஸ்பார்க் தேவைப்படவில்லை.

கோபோல் வரிகளில் முதல் ஆறு இடங்கள் வரிசை எண்ணுக்கு, ஏழாவது குறிப்புக்கு, 73 முதல் எதுவும் கணக்கில் வராது. ஆகவே 8 முதல் 72 வரை வெட்டி எடுத்து, முற்றுப்புள்ளி வரும்வரை சேர்த்தால் ஒரு புலத்தின் அறிவிப்பு கிடைக்கும். அதிலிருந்து நிலை எண், பெயர், பிக் வடிவம் (எத்தனை இலக்கம் அல்லது எழுத்து என்பது), பயன்பாட்டு வகை ஆகியவற்றைப் பிரித்து, ஒவ்வொரு புலமும் எந்த இடத்தில் தொடங்கி எத்தனை பைட் ஓடுகிறது என்று ஓர் அட்டவணை கட்டினேன். எழுத்துப் புலமானால் இடத்துக்கு ஒரு பைட். காம்ப்-3 ஆனால் இலக்கங்களோடு ஒன்றைக் கூட்டி இரண்டால் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். காம்ப் என்ற பைனரி எண்ணானால் நான்கு இலக்கம்வரை இரண்டு பைட், ஒன்பதுவரை நான்கு, பதினெட்டுவரை எட்டு. பைனரி எண்ணில் பெரிய பைட் முதலில் வரும். நம் லினக்ஸ் சர்வரின் வழக்கத்துக்கு நேர்மாறு. பைதானில் பைட்டுகளை எண்ணாக்கும்போது அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பைனரி எண்ணை அதன் அளவுக்கேற்ற எல்லையில் தொடங்கவைக்கும் சிங்க் என்ற சொல் வந்தால் கவனம் தேவை. இடங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணினால், 21ஆம் இடத்தில் தொடங்க வேண்டிய இரண்டு பைட் எண், சிங்க் இருந்தால் 22ஆம் இடத்துக்குத் தள்ளப்படும். நடுவில் ஒரு வெற்று பைட் நுழையும். அதற்குப் பின்னால் உள்ள புலங்கள் அத்தனையும் ஓரிடம் நகரும். ரீடிஃபைன்ஸ் வந்தால் அதே பைட்டுகளுக்கு இரண்டாவது பொருள் உண்டு. எந்தப் பொருளை எடுப்பது என்பதைப் பதிவின் வேறொரு புலம் தீர்மானிக்கும். எங்கள் கோப்பில் பாலிசி வகைக் குறியீடு அதைத் தீர்மானித்தது. காப்பிபுக்கில் அது எழுதப்பட்டிருக்காது; கோபோல் நிரலைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 88 நிலை வரிகளைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள், ஏனென்றால் அவை இடம் பிடிப்பதில்லை. நான் அவற்றைச் சேர்த்து வைத்தேன். ஒரு குறியீட்டுக்கு என்ன பொருள் என்று சொல்லும் அகராதி அங்கேதான் இருக்கிறது. யாரோ ஒரு நிரலாளர் பல ஆண்டுகளுக்கு முன் அக்கறையோடு எழுதி வைத்த அந்த வரிகளால் எங்களுக்கு எவ்வளவோ தொலைபேசி அழைப்புகள் மிச்சமாயின.

நான் கட்டிய அட்டவணை சரியா என்று சோதிக்க நம்பகமான வழி ஒன்று உண்டு. கோபோல் கம்பைலரை மேப் விருப்பத்தோடு ஓட்டினால், அதன் பட்டியலில் ஒவ்வொரு புலத்தின் தொடக்க இடமும் நீளமும் அச்சாகும். அதையும் என் அட்டவணையையும் வரிக்கு வரி ஒப்பிடும் சின்னச் சோதனையை எழுதி, காப்பிபுக் மாறும் போதெல்லாம் ஓடும்படி வைத்திருக்கிறேன். கம்பைலர் சொல்வதற்கு மேல் சாட்சி கிடையாது.

பைட்டிலிருந்து மதிப்புக்கு

எழுத்துகளுக்குப் பைதானிலேயே எப்சிடிக் ஆதரவு இருக்கிறது: குறிப்பக்கங்கள் எனப்படும் அதன் வகைகளில் 037, 500, யூரோ குறி உள்ள 1140 எல்லாம் உண்டு. ஆனால் இஸட் ஓஎஸ்ஸில் பரவலாகப் புழங்கும் 1047 அதில் இல்லை; எப்சிடிக் என்ற பெயரிலேயே உள்ள கூடுதல் நூலகத்தை நிறுவினால் கிடைக்கும். 037க்கும் 1047க்கும் வேறுபாடு சில குறிகளில் மட்டுமே. 1047இல் எழுதிய சதுர அடைப்புக் குறிகளை 037 என்று படித்தால், தலையில் சாய்கோடு போட்ட ஒய் எழுத்தும் இரட்டைப் புள்ளியும் வரும். குறிப்புரைப் புலத்தில் இவை தென்பட்டதும் குறிப்பக்கம் எது என்று புரிந்துவிட்டது.

காம்ப்-3க்குப் பைதானில் நேரடி வசதி இல்லை. ஆனால் எழுதுவது எளிது. பைட்டுகளை ஹெக்ஸ் (பதினாறடிமான) சரமாக மாற்றினால் இலக்கங்கள் அப்படியே கண்ணுக்குத் தெரியும். கடைசி எழுத்து குறி, மற்றவை எண். அதை டெசிமல் வகையாக்கி, காப்பிபுக் சொன்ன அளவுக்குப் புள்ளியை நகர்த்துகிறேன். பணத்துக்கு மிதவைப் புள்ளி எண்ணைப் பயன்படுத்தவே கூடாது. காசு பிசகாமல் இருக்கத்தான் பேக்டு டெசிமல் அங்கே இருக்கிறது. எடுத்து வந்தபின் அதைத் தொலைப்பதில் அர்த்தமில்லை. ஸோண்டு டெசிமல் என்ற இன்னொரு வகையில் ஒவ்வொரு இலக்கமும் ஒரு பைட், குறி கடைசி பைட்டின் மேல்பாதியில். கழித்தல் 125ஐ எழுத்தாகப் படித்தால் 12 என்பதோடு ஆங்கில எழுத்து என் ஒட்டிக்கொண்டு வரும். உரைக் கோப்புகளில் எண்ணின் வாலில் இப்படி எழுத்து தெரிந்தால் காரணம் இதுதான்.

தேதிகள் தனிக் கதை. ஒரு புலத்தில் 124060 என்று இருந்தது. முதல் மூன்று இலக்கத்தை 1900உடன் கூட்ட வேண்டும். பின் மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. ஆக 2024ஆம் ஆண்டின் 60ஆம் நாள், பிப்ரவரி 29.

சில பதிவுகளில் காம்ப்-3 புலம் முழுவதும் 64ஆக, அதாவது இடைவெளிகளாக, இருந்தது. எப்போதோ மதிப்பு வைக்கப்படாமல் விட்ட புலங்கள் அவை. குறியின் இடத்தில் 0 இருப்பதால் அது எண்ணே அல்ல. கோபோல் நிரல் அதைக் கூட்ட முயன்றால் எஸ்0சி7 என்று முறிந்து விழும். இவற்றைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் ஏற்கவில்லை. பிரீமியம் பூஜ்யம் என்பதும் பிரீமியம் பதிவாகவில்லை என்பதும் வெவ்வேறு செய்திகள். மதிப்பு இல்லை என்று குறித்து, பாலிசி எண்ணைத் தனிப் பட்டியலில் சேர்க்கிறோம். அந்தப் பட்டியல் இப்போது வணிகப் பிரிவுக்குப் போகிறது. அவர்கள் ஒவ்வொன்றாகச் சரிசெய்து வருகிறார்கள்.

கணக்கு ஒத்துப்போகிறதா

முதல் சோதனை கோப்பின் அளவை வைத்து. மொத்த பைட்டுகளைப் பதிவின் நீளத்தால் வகுத்தால் மீதி வரக்கூடாது. ஈவு, ரெப்ரோவின் ஐடிசி0005ஐ செய்தி சொல்லும் பதிவு எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். அடுத்தது தொகை. இரவு பேட்ச் அச்சிடும் கட்டுப்பாட்டு அறிக்கையில் மொத்த பிரீமியம் இருக்கிறது. பைதான் கூட்டிய தொகை அதைவிட அதிகமாக வந்தது. அறிக்கை நிரலைத் திறந்து பார்த்தபோது, ரத்தான பாலிசிகளை அது கூட்டுவதில்லை என்று தெரிந்தது. அதே நிபந்தனையைச் சேர்த்ததும் இரண்டும் காசு பிசகாமல் பொருந்தின. இந்த ஒப்பீட்டை ஒவ்வொரு ஓட்டத்திலும் கட்டாயமாக்கியிருக்கிறோம். ஒத்துப்போகாவிட்டால் கோப்பு யாருக்கும் போகாது.

மெயின்ஃபிரேமின் 3270 முனையத் திரையைப் பைதானால் இயக்கி, திரையில் தெரிவதைப் படிக்கும் வழியும் இருக்கிறது. வேறு எந்த வழியும் இல்லாத இடத்தில் மட்டும் அதை நாடுங்கள். திரையில் ஒரு புலம் ஓரிடம் நகர்ந்தாலும் நிரல் தவறானதைப் படிக்கும். தரவு டிபி2 தரவுத்தள அட்டவணைகளாக இருந்தால் ஐபிஎம்_டிபி நூலகம் வழியாக நேரே எஸ்க்யூஎல் கேட்கலாம், ஆனால் உரிமம் வேண்டும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மெயின்ஃபிரேமிலேயே பைதானை ஓட்டவும் ஐபிஎம் வழி செய்திருக்கிறது. நாங்கள் பிரிக்கும் வேலையை வெளியே வைத்ததற்குச் செலவும் ஒரு காரணம். மென்பொருள் கட்டணம் பெரும்பாலும் நான்கு மணி நேர நகரும் சராசரிப் பயன்பாட்டின் உச்சத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. உச்ச நேரத்தில் அங்கே கூடுதல் வேலையை ஏற்றுவது பில்லில் தெரியும். பைட்டுகளை அப்படியே கொடுப்பது மெயின்ஃபிரேமுக்குப் பெரிய சுமை அல்ல.

வந்த கோப்பில் மனிதர்களின் பெயர், பிறந்த தேதி, நியமனதாரர் எல்லாம் இருக்கின்றன. ஆகவே அது யாருடைய மடிக்கணினிக்கும் இறங்குவதில்லை. சர்வரிலேயே பிரித்து, கேட்ட புலங்களை மட்டும் எழுதி, மூலத்தை அழித்துவிடுகிறோம்.

இப்போது புதிய புலம் வேண்டும் என்று கேட்டால், அமைப்புக் கோப்பில் ஒரு பெயரைச் சேர்த்தால் போதும். அடுத்து இழப்பீட்டுக் கோப்பை எடுக்கிறோம். அதில் பதிவுகளின் நீளம் மாறும். ஒரு புலம் எத்தனை முறை வரும் என்பதை வேறொரு புலத்தின் மதிப்பிடம் விடும் ஆக்கர்ஸ் டிபெண்டிங் ஆன் இருப்பதால் ஒரு புலத்தின் மதிப்பைப் படித்த பிறகுதான் அடுத்த புலம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியும். அட்டவணையை முன்கூட்டியே கட்டும் இந்த முறை அங்கே போதாது. பதிவுக்குப் பதிவு நடந்து செல்லும் படிப்பானை எழுதிக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் மெயின்ஃபிரேம் இல்லாதவர்கள் பழகிப் பார்க்க, ஐபிஎம் இஸட் எக்ஸ்ப்ளோர் திட்டத்தில் பதிவு செய்தால் உண்மையான இஸட் ஓஎஸ் கணக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே ஒரு சின்ன டேட்டாசெட்டில் பேக்டு டெசிமல் தொகையை எழுதி, பைனரியாக ஒருமுறையும் உரையாக ஒருமுறையும் வாங்கி, இரண்டையும் பைட் பைட்டாக அருகருகே வைத்துப் பாருங்கள்.